கம்பு, தினை, கேழ்வரகு: கொழுப்பு அமில அளவு ஏன் இவ்வளவு மாறுகிறது? மாவு கசப்பதற்கு அதுதான் காரணமா?

கொங்குமாவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் சின்ன அளவில் சிறுதானிய மாவு அரைத்து விற்கிறோம். கேழ்வரகு, சோளம் இரண்டிலும் எந்தத் தொந்தரவும் இல்லை. கம்புதான் படுத்துகிறது.

இந்த முறை இரண்டு இடத்திலிருந்து கம்பு வந்தது. ஒன்று கோடையில் இறவையில் விளைந்தது. இன்னொன்று ஐப்பசி மழைக்கு நடுவில் அறுத்தது. ஒரே மில், ஒரே சல்லடை, ஒரே கவர். கோடைக் கம்பு மாவு நன்றாகவே நின்றது. மழைக் கம்பு மாவு ஒரு வாரம் தாண்டுவதற்குள் கசந்து, சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது. வாங்கியவர்கள் பலர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மொத்தக் கொழுப்பு ஒன்றில் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே, இன்னொன்றில் ஐந்துக்கு மேலே. லினோலியிக், ஒலியிக் என்ற கொழுப்பு அமிலங்களின் எண்களும் ஒத்துப்போகவில்லை. இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள்.

எனக்கு இரண்டு கேள்வி. கசப்புக்கு இந்தக் கொழுப்பு அமில வித்தியாசம்தான் காரணமா? கவரில் எந்த எண்ணை அச்சடிப்பது?

---

சோதனைக்குழாய் எழுதியது:

அக்கா, உணவு வேதியியல் படிக்கிறேன், தானியக் கொழுப்புதான் என் வேலை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் அறிக்கையில் இரண்டு வகை எண்கள் இருக்கும். "மொத்தக் கொழுப்பு" என்பது நூறு கிராம் தானியத்தில் எத்தனை கிராம் என்பது. அதற்குக் கீழே லினோலியிக், ஒலியிக், பால்மிட்டிக் என்று வருவது, அந்தக் கொழுப்பில் உள்ள அமிலங்களை மட்டும் நூறாக வைத்து அதில் ஒவ்வொன்றின் பங்கு என்ன என்பது. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இணையத்தில் பாதிக் குழப்பம்.

பங்கு என்று பார்த்தால் தானியத்துக்குத் தானியம் நன்றாகவே மாறும். கம்பில் லினோலியிக் 40 முதல் 47 சதவீதம் வரை, ஒலியிக் கால் பங்கு சுற்றி, பால்மிட்டிக் 20 சதவீதம் அளவில், ஆல்பா லினோலெனிக் என்ற ஒமேகா 3 அமிலம் 3, 4 சதவீதம். தினையில் லினோலியிக் 60 சதவீதத்தைத் தாண்டிவிடும். தினைத் தவிட்டு எண்ணெயில் அது மூன்றில் இரண்டு பங்கு. பனிவரகும் ஏறக்குறைய அதே சாயல்தான். கேழ்வரகு இவற்றிலிருந்து தனியாக நிற்கிறது: ஒலியிக் கிட்டத்தட்ட பாதி, மீதியில் லினோலியிக்கும் பால்மிட்டிக்கும் ஏறக்குறைய சரிசமம்.

மொத்த அளவு வேறு கதை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலில் கம்புக்கு 5.43 கிராம், சாமைக்கு 3.89, வரகுக்கு 2.55, கேழ்வரகுக்கு 1.92, சோளத்துக்கு 1.73. அதே நிறுவனத்தின் பழைய பட்டியலில் தினைக்கு 4.3. தீட்டிய பச்சரிசி அரை கிராம்தான்.

கம்பு ஏன் முன்னால் நிற்கிறது என்றால், அதன் முளைக்கரு பெரியது. மணியின் எடையில் ஆறில் ஒரு பங்கு முளைக்கருவே இருக்கும். சோளத்தில் அது பத்தில் ஒரு பங்கு. கேழ்வரகில் மிகச் சிறியது. தானியத்தின் எண்ணெயில் பெரும்பங்கு முளைக்கருவில்தான் இருக்கிறது, மாவுச்சத்துப் பகுதியில் மிகக் குறைவு. அதனால் முளைக்கரு எவ்வளவோ எண்ணெயும் அவ்வளவு. ரகத்துக்கு ரகம் கம்பின் மொத்தக் கொழுப்பு 3இலிருந்து 7 சதவீதம் வரைகூடப் போகும். உங்கள் இரண்டு மூட்டைக்கும் நடுவில் வந்த வித்தியாசம் இயல்பானதுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்தச் சின்ன வித்தியாசம் மாவை ஒரு வாரத்தில் கசக்க வைக்காது. கம்பு மாவு கெடுவதில் முதல் ஆள் லைபேஸ் என்ற நொதி. முழு மணிக்குள் எண்ணெய் ஒரு பக்கமும் நொதி ஒரு பக்கமுமாகப் பிரிந்து இருக்கும். அதனால்தான் கம்பு மூட்டையில் ஒரு வருடம் கிடந்தாலும் கெடுவதில்லை. அரைத்தவுடன் இரண்டும் கலந்துவிடுகின்றன. லைபேஸ் எண்ணெயைப் பிளந்து கொழுப்பு அமிலங்களைத் தனியாக விடுகிறது. மாவின் அமிலத்தன்மை அப்போதே ஏறத் தொடங்கும். அடுத்து லிபாக்சிஜினேஸ் என்ற இன்னொரு நொதியும் காற்றும் சேர்ந்து அந்தத் தனி அமிலங்களை ஆக்சிஜனேற்றம் செய்யும். கசப்பும் சிக்கும் இப்படித்தான் வருகிறது. கம்பு மாவில் எலி வாடை மாதிரி ஒன்று வருமே, அதற்குக் கொழுப்போடு சேர்த்து கம்பின் சாம்பல் நிறத்துக்குக் காரணமான ஃபிளேவோன் வகைச் சேர்மங்களுக்கும் பங்கு உண்டு.

மழைக்கு நடுவில் அறுத்தது என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். கதிர் நனைந்து மணி முளைவிட ஆரம்பித்தாலே உள்ளே லைபேஸ் கூடிவிடும். பூஞ்சணம் பிடித்தால் அதுவும் தன் பங்குக்கு லைபேஸைக் கொண்டுவரும். வாங்கும்போது மணியின் அடிப்பக்கம் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்ததா? ஈரம் எவ்வளவு என்று பார்த்தீர்களா?

---

கரிசல்காடு எழுதியது:

விளாத்திகுளம் பக்கம் மானாவாரிக் கம்பு போடுகிறவன் நான். தம்பி சொல்வது அனுபவத்தில் சரி.

எங்கள் ஊரில் புரட்டாசியில் விதைத்து மார்கழி, தை வாக்கில் அறுப்போம். அறுக்கும் நேரம் மழை பிடித்தால் கதிரைக் குவித்து வைக்கவே கூடாது. குவியலுக்குள் கை விட்டால் சூடு தெரியும். அந்தக் கம்பு பார்க்க நன்றாக இருக்கும், சோறாக்கினாலும் தெரியாது. மாவாக்கினால்தான் குட்டு வெளியே வரும். வியாபாரிகள் அந்த மூட்டையையும் நல்ல மூட்டையையும் கலந்துதான் ஏற்றுவார்கள்.

இன்னொன்று. எங்கள் அம்மா காலத்தில் கம்பு மாவு என்று ஒன்றை யாரும் டப்பாவில் போட்டு வைத்ததே இல்லை. தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் போட்டுக் குத்துவார்கள். தவிட்டைப் புடைத்துவிட்டு, மறுபடி குத்தி இடித்து, அன்றைக்கே உலையில் போட்டுவிடுவார்கள். மிச்சம் இருந்தால் உருட்டி நீரில் போட்டு மறுநாளைக்குக் கூழ். கம்பைச் சேமித்தார்கள், சோற்றைச் சேமித்தார்கள், மாவை மட்டும் சேமிக்கவில்லை. இப்போது கடையில் மூன்று மாதம் நிற்கிற மாவு வேண்டும் என்று கேட்கிறோம். கம்பின் சுபாவத்துக்கு விரோதமான காரியம் அது. அதைச் செய்யத்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக வேலை பார்க்கத்தான் வேண்டும்.

எனக்கும் ஒரு கேள்வி தம்பி. கோடைக் கம்புக்கும் மழைக்காலக் கம்புக்கும் எண்ணெயில் இயற்கையாகவே வித்தியாசம் உண்டா?

---

சோதனைக்குழாய் எழுதியது:

உண்டு அண்ணா. செடி முதலில் ஒலியிக் அமிலத்தைச் செய்கிறது. அதில் இன்னொரு இரட்டைப் பிணைப்பைச் சேர்த்து லினோலியிக் ஆக்குவதற்கு ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதி குளிரில் நன்றாக வேலை செய்யும், வெயிலில் மந்தமாகிவிடும். சூரியகாந்தியில் இது வெகு தெளிவாகப் பார்க்கப்பட்ட விஷயம்: மணி பிடிக்கும் நேரத்தில் இரவுகள் சூடாக இருந்தால் ஒலியிக் கூடும், குளிர்ந்தால் லினோலியிக் கூடும். மக்காச்சோளத்திலும் இதே போக்குதான். கம்பிலும் இந்த வேலையைச் செய்வது அதே குடும்பத்து நொதிதான். அதனால் அக்காவின் இரண்டு மூட்டைக்கும் லினோலியிக், ஒலியிக் ஒத்துப்போகாததற்குப் பருவமும் ஒரு காரணம், ரகமும் ஒரு காரணம். ரகமே வேறாக இருந்தால் பருவத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல அந்த அறிக்கை போதாது.

---

உணவாலோசகர் எழுதியது:

நான் சர்க்கரை, இதய நோயாளிகளுக்கு உணவு முறை சொல்லித் தருகிறவன். கேழ்வரகில் ஒலியிக் பாதி என்று மேலே எழுதியதைப் பார்த்தேன். ஆலிவ் எண்ணெய், கடலை எண்ணெய் வரிசையில் வைக்கிற அமிலம் அது. அப்படியானால் ஒலியிக் வேண்டும் என்பவர்களைக் கம்பிலிருந்து கேழ்வரகுக்கு மாற்றலாமா? அதேபோல் "கம்பில் ஒமேகா 3 நிறைந்துள்ளது" என்று பல கவர்களில் பார்க்கிறேன். அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

---

சோதனைக்குழாய் எழுதியது:

சார், இங்கேதான் பங்கையும் கிராமையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேழ்வரகில் மொத்தக் கொழுப்பு 2 கிராமுக்கும் கீழே. அதில் பாதி ஒலியிக் என்றால் நூறு கிராமுக்கு ஒரு கிராமைக்கூடத் தொடாது. கம்பில் மொத்தம் 5.4 கிராம், அதில் கால் பங்குதான் ஒலியிக். ஆனால் கணக்குப் போட்டால் 1.3 கிராம் பக்கம் வரும். பங்கில் பாதி அளவு இருக்கும் கம்பு, தட்டில் வரும்போது கேழ்வரகைவிடக் கூடுதல் ஒலியிக் தருகிறது. அதனால் அந்தக் காரணத்துக்காக மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகைச் சுண்ணாம்புச் சத்துக்காகச் சொல்லுங்கள், அதில் அதை மிஞ்ச வேறு தானியம் இல்லை.

ஒமேகா 3 விஷயமும் அப்படியே. கம்புக் கொழுப்பில் ஆல்பா லினோலெனிக் 3, 4 சதவீதம். நூறு கிராம் கம்புக்கு 0.2 கிராமுக்குள் அடங்கிவிடும். மற்ற தானியங்களோடு வைத்துப் பார்த்தால் அது நல்ல அளவுதான், மறுக்கவில்லை. ஆனால் நூறு கிராம் ஆளி விதையில் அதே அமிலம் 20 கிராமுக்குமேல் இருக்கிறது. "நிறைந்துள்ளது" என்று கவரில் அடிப்பது எனக்கு உடன்பாடில்லை. இரும்புச்சத்து, நார்ச்சத்து என்று கம்புக்குச் சொல்ல எவ்வளவோ உண்மையான பெருமை இருக்கும்போது இதை எதற்கு ஊதிக் காட்ட வேண்டும்?

---

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் குரக்கன் மா, அதாவது கேழ்வரகு மாவு, எப்போதும் இருக்கும், பிட்டு, ரொட்டி எல்லாவற்றுக்கும். பழுதாகிக் கண்டதில்லை. வண்டு பிடித்தால்தான் உண்டு. எண்ணெய் குறைவாக இருப்பதுதான் காரணம் என்று இப்போது விளங்குகிறது. ஆனால் தினை மா ஒருமுறை வாங்கினோம், அது விரைவிலேயே காறிப்போனது. தினையில் எண்ணெய் கம்பைவிடக் குறைவு என்றுதானே சொல்கிறீர்கள், பிறகு ஏன்?

---

மலைச்சாமை எழுதியது:

ஜவ்வாதுமலையில் மகளிர் குழு மில் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சாமையும் தினையும்தான் எங்களுக்கு அதிகம் வரும். வடமராட்சி கேட்டதற்கு மில் பக்கமிருந்து பதில் சொல்கிறேன்.

உமியோடு இருக்கிற தினையும் சாமையும் வருடக்கணக்கில் கெடாது. விதைக்கு வைத்ததை எடுத்துப் பார்த்திருக்கிறோம், புதிது மாதிரியே இருக்கும். உமி நீக்கும்போது மெஷினில் மணி அடிபடுகிறது. மேலே இருக்கிற தவிட்டுத் தோல் சிராய்கிறது. சிராய்ந்த இடத்தில் எண்ணெய் வெளியே வருகிறது. அரிசியாகவே சிக்கு பிடித்துவிடும், மாவு வரைக்கும் போக வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தவிட்டோடு கொடுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே ஓட்டு ஓட்டிக் கொடுக்கிறோம். அது மஞ்சளாக இருக்கும், சத்தும் இருக்கும், ஆனால் சீக்கிரம் வாடை வரும். நன்றாகத் தீட்டினால் வெள்ளையாக, கடையில் நாள்பட நிற்கும். ஆனால் முளைக்கருவும் தவிடும் போய்விடுகிறது. கடைக்காரர்கள் பெரும்பாலும் வெள்ளையைத்தான் கேட்கிறார்கள். கொழுப்பு அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே சாமையை எங்கள் மில்லிலேயே ஒரு ஓட்டு, மூன்று ஓட்டு என்று எடுத்துப் பரிசோதித்தாலே இரண்டு எண் வரும். யாரும் அதைக் கேட்பதில்லை, எந்த ஊர் சாமை என்றுதான் கேட்கிறார்கள்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

மலைச்சாமை அக்கா சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். எண்கள் மாறுவதற்கு ரகமும் மண்ணும் மட்டும் காரணமல்ல. மணியில் எவ்வளவு மிச்சம் வைத்து அளந்தார்கள் என்பது பெரிய காரணம்.

பனிவரகை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பழைய பட்டியலில் அதற்கு 1.1 கிராம். அமெரிக்க வேளாண் துறைப் பட்டியலில் வேகவைக்காத சிறுதானியம் என்ற தலைப்பில் 4.2 கிராம், அங்கே அந்தப் பெயரில் அதிகம் புழங்குவது பனிவரகுதான். வரகும் அப்படித்தான், பழைய பட்டியலில் 1.4, 2017இல் 2.55. இவ்வளவு வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு மண் மாறிவிட்டது, விதை மாறிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. தீட்டியதா தீட்டாததா என்று முதலில் கேட்க வேண்டும்.

அதற்கடுத்து அளக்கும் முறை. சாக்ஸ்லெட் என்ற கொழுப்பு பிரித்தெடுக்கும் கருவியில் ஹெக்சேன், பெட்ரோலியம் ஈதர் மாதிரி ஒரு கரைப்பானை ஊற்றி எடுத்தால் தளர்வாக இருக்கும் கொழுப்பு மட்டும் வரும். மாவுச்சத்தோடும் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் கொழுப்பு அசையாது. அதை எடுக்க குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையோ அமிலத்தில் கொதிக்க வைப்பதோ வேண்டும். தளர்வான கொழுப்புக்கும் ஒட்டிய கொழுப்புக்கும் அமிலப் பங்கே வேறு. மாவுச்சத்துக்குள் சிக்கியிருப்பதில் பால்மிட்டிக் கூடுதல். அதனால் முறை மாறினால் மொத்த எண்ணும் மாறும், ஒவ்வொரு அமிலத்தின் பங்கும் நகரும். கேழ்வரகு மாதிரி கொழுப்பு குறைந்த தானியத்தில் இந்த நகர்வு பெரிதாகத் தெரியும்.

வடமராட்சி அண்ணாவின் கேள்விக்கு மீதிப் பதில்: தினைக் கொழுப்பில் லினோலியிக் மிக அதிகம். ஆக்சிஜனேற்றத்தில் ஒலியிக்கைவிட லினோலியிக் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கெடும். கம்பில் கொழுப்பின் அளவும் லைபேஸும் தொந்தரவு, தினையில் கொழுப்பின் வகையும் சேர்ந்துகொள்கிறது. குரக்கனில் இரண்டுமே குறைவு.

---

கொங்குமாவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மழைக் கம்பில் மிச்சம் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். சில மணிகளில் முளை துருத்திக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. இனி வாங்கும் இடத்திலேயே கையில் கொட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன்.

நல்ல கம்பாகவே கிடைத்தாலும் மாவைக் கொஞ்ச நாள் அதிகம் நிற்க வைக்க என்ன வழி? சிலர் வறுத்து அரைக்கச் சொல்கிறார்கள். சிலர் முளைக்கருவையே நீக்கச் சொல்கிறார்கள். முளைக்கருவை நீக்கிவிட்டுக் கம்பு மாவு என்று விற்க எனக்கு மனசு வரவில்லை.

---

சோதனைக்குழாய் எழுதியது:

நீக்க வேண்டாம் அக்கா. நல்ல கொழுப்பும் நல்ல புரதமும் அங்கேதான் இருக்கின்றன. நொதியை மட்டும் அடக்கினால் போதும்.

நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி, முழுக் கம்பை வெந்நீரில் போட்டு எடுப்பது. கிட்டத்தட்ட கொதிக்கிற தண்ணீர், 98 டிகிரி. ஒரு பங்கு கம்புக்கு ஐந்து பங்கு தண்ணீர். 10 முதல் 30 விநாடிதான், அதற்குமேல் வைத்தால் மணி வெந்துவிடும். உடனே வடித்து, 50, 60 டிகிரியில் காய வைத்து, அப்புறம் அரைக்க வேண்டும். இப்படிச் செய்த மாவு ஒரு மாதம் வரை நன்றாக நிற்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழு மணியிலேயே செய்ய வேண்டும் என்பது முக்கியம். மாவாக்கிவிட்டு வறுப்பதற்குள் லைபேஸ் பாதி வேலையை முடித்திருக்கும்.

வறுப்பதும் உதவும். ஆனால் கடாயில் சூடு ஒரே சீராகப் போகாது. கொஞ்சம் கருகினாலும் இயற்கையாக எண்ணெயைக் காக்கிற வைட்டமின் ஈ முதலான பொருள்கள் அழிந்து, பிறகு காற்றுப் பட்டுக் கெடுவது வேகமாகும். நொதியை அடக்கிய பிறகும் இந்தக் காற்று வேலை மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் அறிக்கையில் இருக்கிற லினோலியிக், ஒலியிக் எண்ணுக்கு உண்மையான மதிப்பு வருவது அப்போதுதான். காற்றுப் புகாத கவர், வெளிச்சம் படாத இடம் என்று அதற்கு வேறு கவனிப்பு.

விதைப் பக்கமும் வேலை நடக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தினர் 2022இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எண்ணெயைப் பிளக்கும் லைபேஸ் மரபணுக்களில் இரண்டு இயற்கையாகவே செயலிழந்த கம்பு வரிசைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றின் மாவில் சிக்கு குறைவு. அந்தக் குணத்தை நல்ல விளைச்சல் தரும் ரகங்களுக்குள் கலப்பின் மூலம் கொண்டுவரலாம். கொழுப்பைக் குறைக்காமலே நிற்கிற மாவு கிடைக்கும் என்பதால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை.

கவரில் எந்த எண் என்று கேட்டீர்கள். நீங்கள் விற்கும் மாவையே பரிசோதித்த எண்ணைப் போடுங்கள், தானியத்தின் எண்ணை எடுத்துப் போடாதீர்கள். சலித்த பிறகு அது மாறும். அளந்த முறையை அறிக்கையில் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள், அடுத்த வருடமும் அதே முறையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

---

கரிசல்காடு எழுதியது:

அந்த விதை எங்கள் மானாவாரிக்கு வந்து சேரும்போது, குருவிக்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் தாங்குகிறதா என்றும் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள் தம்பி. மாவு நின்று, கதிர் நிற்காவிட்டால் யாருக்கும் பயனில்லை.

கொங்கு தங்கச்சிக்கு: தை அறுப்பில் மழை படாத கம்பு இருந்தால் தனியாக மூட்டை கட்டி வைக்கிறேன். கலக்காமல் தருகிறேன், வந்து கையில் கொட்டிப் பார்த்துவிட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

---

மலைச்சாமை எழுதியது:

வெந்நீர் முறை செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று. சாமையைப் புழுக்கிப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். நனைத்த தானியத்தைக் காய வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேலே காய்ந்து, உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு அரைத்தால் மாவு கல்லில் அப்பும், சூடாகும், கவருக்குள் கட்டி கட்டும். மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகு அரையுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் பக்கத்து நெல் கொள்முதல் இடத்திலோ மில்லிலோ கேட்டால் ஒரு பிடி போட்டுப் பார்த்துச் சொல்வார்கள். அரைத்த மாவை ஆறவிட்டுத்தான் கவரில் போட வேண்டும்.